பிறர் எழுதியதைப் படிக்கும் தொழில்

அரூரில் மென்பொருள் பூங்கா கிடையாது. சேலத்திலிருந்து ஊத்தங்கரை வழியாக வாணியம்பாடி போகிற சாலையில் இருக்கும் இந்த ஊரின் பெயரைச் சொன்னால் வெளியூர்க்காரர்களுக்கு நினைவு வருவது தீர்த்தமலைக் கோயில், மரவள்ளிக் காடு, கோபாலபுரத்துக் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை. ரயில் பிடிக்க வேண்டுமானாலும் மொரப்பூருக்குத்தான் போக வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எழுத்தறிவில் தமிழகத்தின் கடைசி மாவட்டம் தருமபுரி, சுமார் 68.5 விழுக்காடு. இந்த ஊரிலிருந்து மென்பொருள் தொழிலின் வரலாற்றைப் பார்க்க முனைவது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் சென்னையிலிருந்து பார்த்து எழுதப்பட்ட வரலாறு நமக்கு எதைத் தந்திருக்கிறது? 2000 ஜூலையில் வாஜ்பாய் திறந்துவைத்த டைடல் பூங்கா, பழைய மகாபலிபுரம் சாலையின் கண்ணாடிக் கட்டடங்கள், நிறுவனர்களின் வாழ்க்கைக் கதைகள், ஏற்றுமதிக் கணக்குகள். ஒரு தச்சுத் தொழிலின் வரலாற்றை மரக்கடைகளின் வரலாறாக எழுதினால் எப்படி இருக்குமோ அப்படித்தான் இதுவும். இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் நிரலோடு மல்லுக்கட்டிய பொறியாளருக்கு உண்மையில் என்ன தெரியும், அது அவருக்கு எப்படி வந்தது என்பதை இந்த வரலாறு கேட்பதே இல்லை. அதைக் கேட்டால் கிடைக்கும் விடை, தொழிலைப் பற்றி நாம் வைத்திருக்கும் படத்துக்கு நேர்மாறாக இருக்கும். இந்தியாவில், குறிப்பாகத் தமிழகத்தில், இத்தொழில் வளர்த்தெடுத்த முதன்மையான திறன், பிறர் எழுதிவிட்டுப் போன நிரலைப் படித்து, அதன் உள்நோக்கத்தைப் பிடித்து, ஓடுகிற நிலையிலேயே திருத்துவது. புதிதாக எழுதுவது அதற்கு அடுத்துத்தான் வரும்.

ஆரம்பம் அப்படி இல்லை என்று வரலாறு தெரிந்தவர்கள் மறுப்பார்கள். அது உண்மைதான். மும்பையில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் 1950களின் பிற்பகுதியில் தானாகவே வடிவமைத்துக் கட்டி, 1960இல் ஓடவிட்ட கணினிதான் டிஃப்ராக். அந்தக் குழுவை நடத்திய ரங்கசாமி நரசிம்மன் சென்னையில் பிறந்தவர். கான்பூர் ஐஐடியில் கணினிக் கல்வியை நிலைநிறுத்திய வி. ராஜாராமன் ஈரோட்டுக்காரர், அவர் எழுதிய மலிவு விலைப் பாடநூல்கள் வழியாகத்தான் ஒரு தலைமுறை ஃபோர்ட்ரான் கற்றது. ஆக, சுயமாகப் படைக்கும் மரபு நம்மிடம் முதலிலேயே இருந்தது. அது பெருந்தொழிலாகாமல் போனதற்கு மூளை காரணமல்ல, பணம் காரணம். அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டுக் காலத்தில் ஒரு நிறுவனம் வெளிநாட்டுக் கணினி இறக்குமதி செய்ய வேண்டுமானால், மென்பொருள் ஏற்றுமதி செய்து அந்தச் செலாவணியை ஈட்டித் தருவதாக அரசுக்கு உறுதியளிக்க வேண்டியிருந்தது. யாரிடம் போய் ஏற்றுமதி செய்வது? வெளிநாட்டுக்காரரிடம் ஏற்கெனவே நிரல் இருந்தது. அதை ஒரு வகை இயந்திரத்திலிருந்து இன்னொரு வகைக்கு மாற்றித் தர ஆள்தான் வேண்டியிருந்தது. டாடா கன்சல்டன்சி சர்வீசஸ் (டிசிஎஸ்) 1974இல் பர்ரோஸ் நிறுவனத்துக்காகச் செய்த முதல் ஏற்றுமதி வேலையே அதுதான்: மருத்துவமனைக் கணக்குக்காகக் கோபால் (COBOL) மொழியில் எழுதிய நிரலை, ஒரு பர்ரோஸ் இயந்திரவகையிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றுவது. அதற்குரிய பர்ரோஸ் இயந்திரம் கையில் இல்லை. மும்பையில் இருந்த ஐசிஎல் 1903 கணினியில்தான் வேலை நடந்தது. இந்தியாவின் மென்பொருள் ஏற்றுமதி இப்படி இன்னொருவர் எழுதிய நிரலைப் படிப்பதில்தான் தொடங்கியது.

கணினி நேரம் அரிதாக இருந்ததும் இதே பழக்கத்தை ஆழப்படுத்தியது. சென்னை ஐஐடிக்கு 1973இல் மேற்கு ஜெர்மனியின் உதவியாக ஐபிஎம் 370/155 வந்தது. அன்றைக்கு நாட்டிலிருந்த பெரிய கணினிகளுள் அதுவும் ஒன்று. துளை அட்டைகளை அடுக்கிக் கொடுத்துவிட்டு, அச்சடித்த தாளுக்காகக் காத்திருக்க வேண்டிய காலம் அது. ஒரு காற்புள்ளி தவறினாலும் முறை வீண். திரும்ப வரிசையில் நிற்க வேண்டும். ஆகவே அட்டையைக் கொடுக்கும் முன்பே நிரலை வரிவரியாகக் கையால் ஓட்டிப் பார்த்தார்கள்: இந்த வரியில் இந்த மாறியின் மதிப்பு என்ன, அடுத்த சுற்றில் என்ன என்று பென்சிலால் கட்டம் போட்டு எழுதிக்கொண்டார்கள். 1978இல் ஐபிஎம் இந்தியாவை விட்டு வெளியேறியபோது அது குத்தகைக்குக் கொடுத்திருந்த பழைய இயந்திரங்கள் இங்கேயே இருந்தன. அவற்றைப் பராமரிக்கும் பொறுப்பு அரசின் சிஎம்சி நிறுவனத்துக்கு வந்தது. தயாரித்தவர் பக்கத்தில் இல்லாத பொருளை ஓடவைப்பது எப்படி என்று நம்மவர்கள் ஒரு பத்தாண்டு முழுக்கப் பயின்றார்கள் என்றே சொல்லலாம். வறுமையைப் புகழ்வது என் வேலையல்ல. வறுமை எந்தத் திறனைக் கூர்மையாக்கியது என்பது மட்டுமே இங்கே கேள்வி.

அந்தத் திறனுக்குச் சந்தை வந்தது 1990களில். சென்னையில் காக்னிசன்ட் 1994இல் டன் அண்டு பிராட்ஸ்ட்ரீட்டின் கிளையாகத் தொடங்கியது. வேறு பல நிறுவனங்களும் வளர்ந்தன. அத்தனை பேருக்கும் உலகம் கொடுத்த பெரிய வேலை, ஆண்டை இரண்டே இலக்கத்தில் எழுதிவைத்த பழைய நிரல்களை 2000க்குத் தயார்செய்வது. ஒய்2கே என்றதும் இன்று பலர் சிரிக்கிறார்கள்: எங்கே இரண்டு இலக்கம் இருக்கிறதோ அங்கே நான்கு இலக்கம் ஆக்க வேண்டியதுதானே, குமாஸ்தா வேலை! கிட்டப்போய்ப் பார்த்தால் அப்படி இல்லை. எண்பது நெடுவரிசை கொண்ட துளை அட்டையில் இடம் மிச்சம் பிடிக்க 19 என்பதை வெட்டியவர்கள், அந்தப் புலத்துக்குத் தேதி என்று பெயரிட்டிருந்தால் தேடிப் பிடித்துவிடலாம். பெயரே இல்லாமல், ஒரு நீண்ட பதிவின் நாற்பத்தொன்றாவது இடத்திலிருந்து இரண்டு எழுத்து என்று எடுத்திருந்தால்? ஆண்டை 99 என்று எழுதினால் அது 1999ஆ, அல்லது இந்தக் கணக்குக்கு முடிவு தேதி கிடையாது என்பதற்கு எவரோ வைத்துவிட்டுப் போன அடையாளமா? இரண்டும் ஒரே நிரலில் இருந்தன. புலத்தை நீட்டினால் கோப்பு முழுவதும் நீளும், அந்தக் கோப்பைப் படிக்கும் மற்ற நிரல்கள் எல்லாம் தடுமாறும். ஆகவே பல இடங்களில் நீட்டாமல், 30க்குக் கீழ் இருந்தால் 2000த்தைச் சேர், மேலே இருந்தால் 1900ஐச் சேர் என்று ஓர் எல்லைக்கோடு போட்டார்கள். அந்தக் கோட்டை எங்கே போடுவது? வீட்டுக் கடன் என்றால் எதிர்காலத் தேதி வரும்; ஓய்வூதியம் என்றால் 1915இல் பிறந்தவரும் வருவார். நிரலைப் படித்தால் மட்டும் போதாது, அந்த நிரலுக்குப் பின்னால் இருக்கும் அலுவலகத்தையும் படிக்க வேண்டும்.

இதில் நெட்டாண்டுக் கணக்கு ஒரு தனிச் சுவை. நான்கால் வகுபட்டால் நெட்டாண்டு. நூறால் வகுபட்டால் அல்ல. நானூறால் வகுபட்டால் மறுபடியும் நெட்டாண்டு. முதல் விதி மட்டும் தெரிந்தவன் எழுதிய நிரல் 2000 பிப்ரவரி 29ஐச் சரியாகவே கடந்தது. மூன்றும் தெரிந்தவனுடையதும் கடந்தது. இரண்டு விதியோடு நிறுத்திக்கொண்ட அரைகுறை கெட்டிக்காரனின் நிரல்தான் உதைத்தது. இதைக் கண்டுபிடிக்க எழுதியவன் எந்த அளவு படித்தவன் என்று ஊகிக்க வேண்டியிருந்தது. தருமபுரி மாவட்டம் நடுகற்களுக்குப் பெயர்போனது. தேய்ந்த வட்டெழுத்தைப் படிக்கிறவர் எழுத்தை மட்டும் பார்ப்பதில்லை, செதுக்கியவனின் கைப்பழக்கத்தையும் பார்க்கிறார். நல்ல பராமரிப்புப் பொறியாளரின் வேலை அதற்கு மிக நெருக்கமானது.

ஒன்றுமே நடக்கவில்லையே, எல்லாம் பூச்சாண்டிதானே என்ற மறுப்பு உண்டு. அதிகம் செலவழிக்காத நாடுகளிலும் பெரிய விபத்து எதுவும் நேரவில்லை என்பது சரி. அச்சத்தை ஊதிப் பெருக்கி ஆலோசகர்கள் காசு பார்த்தார்கள் என்பதும் சரி. ஆனால் அது பேரழிவைப் பற்றிய வழக்கு. என் வழக்கு தேர்ச்சியைப் பற்றியது. அச்சம் பொய்யாகவே இருந்தாலும், அந்தச் சாக்கில் பல்லாயிரம் இளைஞர்கள் வங்கி, காப்பீடு, விமானச் சேவை என்று மேலைநாட்டுத் தொழில்களின் இருபது முப்பது ஆண்டு நிரல்களை வரிவிடாமல் படித்தார்கள். எந்தப் பல்கலைக்கழகமும் அத்தனை பெரிய நூலகத்தை மாணவர் முன் திறந்துவைத்ததில்லை. 2000க்குப் பிறகு அதே வாடிக்கையாளர்கள் அதே ஆட்களிடம் தங்கள் மொத்தப் பராமரிப்பையும் ஒப்படைத்ததற்கு, கூலி மலிவு என்பதோடு இதுவும் ஒரு காரணம்: அவர்களுடைய நிரல் அவர்களைவிட நம்மவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

வெளிநாட்டுக் கணக்கோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதில்லை; நம் மொழியிலேயே சான்று இருக்கிறது. 1990களில் தமிழ் எழுத்துருக்கள் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு குறியீட்டு முறை வைத்திருந்தன. ஒரு கணினியில் அடித்த தமிழ் இன்னொன்றில் கிறுக்கலாகத் தெரியும். முத்து நெடுமாறன் முரசு அஞ்சலை 1980களின் நடுவிலேயே மலேசியாவில் தொடங்கியிருந்தார், சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி, சுவிட்சர்லாந்திலிருந்து, தமிழ் நூல்களை மின்னுரையாக்கும் மதுரைத் திட்டத்தை நடத்திய கு. கல்யாணசுந்தரம் போன்றோர் பாடுபட்டார்கள். டிஸ்கி என்ற பொது முறை உருவானது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்இணையம் மாநாட்டில் டாம், டாப் முறைகளும் தமிழ்99 விசைப்பலகையும் வந்தன. 2010 ஜூனில் கோவைச் செம்மொழி மாநாட்டையொட்டித் தமிழக அரசு ஒருங்குறியை ஏற்றது. ஒவ்வொரு மாற்றத்திலும் பழைய கோப்புகளைப் புதிய முறைக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. அரூர் என்ற பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள்: டிஸ்கியில் மூன்று எழுத்துக்கு மூன்று குறியீடு. ஒருங்குறியில் அகரம், ரகரம், ஊகாரக் குறி, மறுபடி ரகரம், புள்ளி என ஐந்து. பழைய முறைகளில் கொம்பு கண்ணுக்குத் தெரிகிறபடி மெய்க்கு முன்னால் வரும். ஒருங்குறியில் ஒலிக்கிற வரிசைப்படி பின்னால் வரும். திருப்பிப் போட்டால் தீர்ந்தது என்று மாற்றி எழுதியவர்கள் இடறிய இடம் ளகரம். கொம்பு, வகரம், அதற்குப் பின் ளகரம் என்று வந்தால் அது வெளிச்சத்தின் தொடக்கமா, வௌவாலின் வௌவா? இயந்திரத்துக்குத் தெரியாது. அதனால்தான் இன்றைக்கும் எத்தனையோ ஆவணங்களில் வெளியீடு என்பது வௌியீடு என்று நிற்கிறது. பார்வைக்கு ஏறத்தாழ ஒன்றுபோலத்தான் இருக்கும், தேடினால் கிடைக்காது. இந்தப் பிழையைக் களைய, பழைய எழுத்துருவை எழுதியவர் ஏன் அப்படி வைத்தார் என்று தெரிந்த ஆள் வேண்டும். புதிதாக ஒரு எழுத்துரு செய்வதைவிட இது கடினமான வேலை. ஆனால் விருதெல்லாம் எழுத்துருவுக்குத்தான்.

வலுவான மறுப்பு ஒன்று பாக்கியிருக்கிறது. இது கூலி வேலைதானே, எவனோ கட்டிய வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிப்பதில் என்ன பெருமை என்கிறார்கள். இதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். நிரலின் உரிமை வெளிநாட்டில். இலாபத்தின் பெரும்பங்கும் அங்கேயே. நம்மவர்களுக்கு மணிக்கணக்குச் சம்பளமும் இரவுப் பணியும். முப்பதாண்டு உழைப்புக்குப் பிறகும் நம் பெயரில் உலகறிந்த மென்பொருள்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவையே. ஆனால் இதிலிருந்து அந்தத் திறனே கீழானது என்று முடிவுகட்டுவது தவறு. விலைக்குப் போன உழைப்பை வைத்து உழைப்பின் தரத்தை அளக்க முடியாது. சொந்தப் பொருள் செய்கிற நிறுவனத்துக்கும் அதே திறன்தான் வேண்டும். 1996இல் அட்வென்ட்நெட் என்று தொடங்கி இன்று ஸோஹோவாக இருக்கும் நிறுவனம் 2005 முதல் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களைப் பட்டம் கேட்காமல் எடுத்துப் பயிற்சி தருகிறது. பட்டறையில் உட்கார்த்தித் தொழில் பழக்குகிற அந்த முறை பலித்திருக்கிறது என்றால், இத்திறன் பட்டத்தில் இல்லை, பழக்கத்தில் இருக்கிறது என்றுதான் பொருள். உண்மையில் இத்திறனைக் கீழாக்கியது வெளியார் அல்ல, தொழில் நடத்தியவர்கள்தான். சப்போர்ட் புராஜெக்ட் என்றால் தண்டனை மாதிரி. பத்தாண்டு ஆனதும் நிரலை விட்டு மேலாளராகப் போனால்தான் பதவி உயர்வு. படிக்கத் தெரிந்தவரைப் படிக்க விடாமல் எக்செல் தாளோடு உட்காரவைத்துவிட்டு, பிறகு அவருக்குத் தொழில்நுட்பம் மறந்துவிட்டது என்று குறை சொல்வதைவிட அபத்தம் வேறில்லை. 2025 ஜூலையில் டிசிஎஸ் தன் ஊழியர்களில் சுமார் 2 விழுக்காட்டினரை, ஏறத்தாழ 12,000 பேரை, பெரும்பாலும் நடு, மூத்த நிலைகளிலிருந்து குறைக்கப்போவதாக அறிவித்தது. அந்த அறிவிப்பைத் தனி ஒரு நிறுவனத்தின் முடிவாகப் பார்ப்பதைவிட, இந்த நெடுங்காலப் பழக்கத்தின் விளைவாகப் பார்ப்பதே பொருத்தம்.

செயற்கை நுண்ணறிவே நிரல் எழுதுகிறது, இனி மூத்தவர் எதற்கு என்பார்கள். எழுதுவது இயந்திரமானால் படிப்பதன் தேவை கூடும், குறையாது. ஆயிரம் வரி நொடியில் வந்து விழும். அதில் அந்த இரண்டு விதியோடு நிறுத்திக்கொண்ட அரைகுறை கெட்டிக்காரன் ஒளிந்திருப்பான். அவனைப் பிடிக்க மூத்த கண் வேண்டும். எனக்குக் கவலை தருவது வேறு: அந்தக் கண் எப்படி உருவானது? புதிதாகச் சேர்ந்தவர் சின்னச் சின்னத் திருத்தங்களில் கைபழகி, இரவில் தொலைபேசி வந்து எழுந்து, ஓடாத நிரலை ஓடவைத்து உருவானது. அந்தக் கீழ்ப்படியையே இயந்திரத்திடம் கொடுத்துவிட்டால் இருபதாண்டு கழித்து மூத்தவர் எங்கிருந்து வருவார்? இதற்கு நிறுவனங்களிடம் பதில் இல்லை.

அரூருக்கு வருவோம். 1965 அக்டோபர் 2இல் தருமபுரி தனி மாவட்டமாகும் வரை அரூரும் மோகனூரும் ஒரே சேலம் மாவட்டம். மோகனூர் அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்த ந. சந்திரசேகரன், திருச்சி மண்டலப் பொறியியல் கல்லூரியில் எம்சிஏ முடித்து 1987இல் டிசிஎஸ்ஸில் சேர்ந்து, 2009இல் அதன் தலைமைப் பொறுப்புக்கும் 2017இல் டாடா சன்ஸ் தலைவர் பதவிக்கும் வந்தார். தனிமரம் தோப்பாகாது, அவரை வைத்து எதையும் நிறுவ முடியாது. தோப்பு வளர்ந்தது சட்டங்களால். 1984இல் எம்ஜிஆர் அரசு சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளை அனுமதித்தது. 2007இல் நுழைவுத்தேர்வு போனது. 2010இல் முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்குக் கட்டணச் சலுகை வந்தது. 2021இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பொறியியலிலும் 7.5 விழுக்காடு ஒதுக்கீடு. அந்தக் கல்லூரிகளில் பல தரமற்றவை, கடனில் தள்ளியவை என்பதை மறைக்க வேண்டாம். ஆனாலும் பொறியாளர் என்ற சொல்லையே வீட்டில் கேட்டறியாத பிள்ளைகள் அவற்றின் வழியாகத்தான் தொழிலுக்குள் வந்தார்கள். ஆங்கிலத்தில் சரளமாகப் பேசி வாடிக்கையாளரைக் கவர வேண்டிய இடத்தில் அவர்கள் பின்தங்கினார்கள். பழைய நிரல் முன்னால் உட்கார்ந்தபோது அந்தப் பாகுபாடு இல்லை. கோபாலுக்கு உச்சரிப்பு கிடையாது. பராமரிப்பு வேலையை ஏளனம் செய்கிறவர்கள் மறக்கிற செய்தி இது: இத்தொழிலில் பின்தங்கிய ஊர்க்காரர்களுக்குச் சமமான களமாக இருந்தது அநேகமாக அது ஒன்றுதான்.

2024இல் சேலத்தில் மினி டைடல் பூங்கா திறக்கப்பட்டது. கட்டடம் அருகில் வந்துவிட்டது, நல்லது. தருமபுரி செட்டிக்கரை அரசுப் பொறியியல் கல்லூரி போன்ற இடங்களில் இன்னும் ஒன்று செய்யலாம்: ஒரு பருவம் முழுக்கப் புதிதாக எதையும் எழுதவிடாமல், முப்பதாண்டுப் பழைய நிரலொன்றைக் கையில் கொடுத்து, அதிலிருக்கும் பிழையைக் கண்டுபிடிக்கச் சொல்லலாம். சொல்லித்தர ஆளுக்குப் பஞ்சமில்லை. வேலையை விட்டு ஊர் திரும்பிய மூத்தவர்களைக் கூப்பிட்டால் போதும். அந்த மூத்தவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நீங்கள் திருத்திய நிரல்கள் வாடிக்கையாளரின் சொத்து, அவை வெளியே வராது. ஆனால் எந்த ஆண்டு, எந்த மாதிரி இயந்திரம், என்ன பிழை, எந்த வரியில் சந்தேகம் வந்தது, எத்தனை இரவு பிடித்தது என்பதெல்லாம் உங்கள் சொத்து. வாடிக்கையாளர் பெயரை விட்டுவிட்டு அதைத் தமிழில் எழுதி வையுங்கள். இந்தத் தொழிலின் வரலாற்றை எழுதப்போகிறவருக்கு வேறு ஆவணம் கிடைக்காது.